அழித்தும் குறையாத வன்தட்டு: ஆவணங்களை இழக்காமல் இடத்தை மீட்பது எப்படி?

மன்னாரில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் சிலர் தங்களிடமுள்ள ஆவணங்களை ஸ்கான் செய்து பாதுகாக்க நான் உதவி வருகிறேன். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, முகாம் பதிவு அட்டை, மங்கிய கலியாணப் படம் என எல்லாம் ஒரு பழைய மடிக்கணினியில் இருக்கின்றன. ஒரு நாள் அது ‘இடமில்லை’ என்று நின்றுவிட்டது. மேலதிகப் பிரதிகளை அழித்தேன். உள்ளே 120 ஜிபி காலியானது. ஆனால் மடிக்கணினியில் ஒரு ஜிபி இடம்கூடக் கூடவில்லை.

காரணம் இதுதான். ஆவணங்கள் நேரடியாக மடிக்கணினியில் இல்லை. விர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் இயங்கும் மெய்நிகர் கணினியில் இருக்கின்றன. அதன் வன்தட்டு முழுவதும் ஒரே பெரிய கோப்பு. அதைப் பிரதியெடுத்தால் சேகரிப்பு முழுவதும் வேறிடத்துக்குப் போய்விடும். இடம்பெயர்ந்து பழகிய எங்களுக்கு இது வசதியான ஏற்பாடு.

அந்தக் கோப்பு எழுத எழுத வளரும். அழித்தால் தானாகச் சுருங்காது. ஒரு கொப்பியை நினைத்துப் பாருங்கள். கோப்பை அழிக்கும்போது பொருளடக்கத்தில் அதன் பெயர் மட்டுமே வெட்டப்படுகிறது. பக்கத்தில் எழுதியது அப்படியே இருக்கிறது. வெளியிலுள்ள மடிக்கணினி பொருளடக்கத்தைப் பார்ப்பதில்லை. எழுதிய பக்கமெல்லாம் தேவையான பக்கம் என்றே நினைக்கிறது.

எனவே வேலை இரண்டு கட்டமாக நடக்க வேண்டும். முதலில், மெய்நிகர் கணினிக்குள் காலி இடம் முழுவதையும் பூச்சியங்களால் நிரப்ப வேண்டும். விண்டோஸில் இதற்கு மைக்ரோசொஃப்ட் தரும் ‘எஸ்டெலீட்’ கருவி உண்டு. பிறகு மெய்நிகர் கணினியை நிறுத்திவிட்டு, விர்ச்சுவல்பொக்ஸின் ‘கொம்பக்ட்’ கட்டளையைக் கொடுக்க வேண்டும். அது பூச்சியம் மட்டுமே உள்ள பகுதிகளை நீக்கிக் கோப்பைச் சுருக்கும். நிலையான அளவில் உருவாக்கிய வட்டுக்கு இது பொருந்தாது. ‘ஸ்னப்ஷொட்’ எடுத்து வைத்திருந்தால், அழித்த கோப்புகள் அதற்குள் தொடர்ந்து இடம் பிடித்திருக்கும்.

ஓர் ஆபத்தும் உண்டு. பூச்சியம் நிரப்பும்போது கோப்பு முதலில் அதன் உச்ச அளவுவரை பெருக்கும். எங்கள் கோப்பு 190 ஜிபி, உச்ச அளவு 200 ஜிபி. மடிக்கணினியில் மிச்சம் இருந்ததோ 4 ஜிபிதான். அங்கேயே தொடங்கியிருந்தால் பாதியில் நின்றிருக்கும். அதனால் வெளி வன்தட்டுக்கு நகர்த்திச் செய்வதென்று முடிவெடுத்தேன்.

தொடங்குமுன் அழித்தவற்றின் பட்டியலை ஒருமுறை சரிபார்த்தேன். ஒரே பெயரில் இருந்ததால் இரட்டைப் பிரதி என்று நினைத்து அழித்த ஒன்று, உண்மையில் ஒரு முகாம் அட்டையின் பின்பக்கம். மகனைக் கடைசியாகக் கண்ட இடத்தையும் திகதியையும் தாய் அதில் பேனையால் எழுதியிருந்தார். பூச்சியம் இன்னும் எழுதப்படாததால், மீட்பு மென்பொருளால் அதை எடுக்க முடிந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்திருந்தால் அந்த வட்டில் அது இருந்திருக்காது.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோர் 429,059. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. முதலாவதற்குக் கச்சேரிகளில் இருந்த பதிவுகளையும் இரண்டாவதற்கு ஐ.நா.வின் கணக்கையும் வைத்தே அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். பதிவு இல்லாத இடத்தில் கேள்வியும் எழாது.

ஆகவே உங்கள் கணினியில் இதைச் செய்வதானால் ஒழுங்கு இதுதான்: முழுக் கோப்பையும் வேறொரு வன்தட்டில் பிரதியெடுங்கள். அந்தப் பிரதி திறக்கிறதா என்று பாருங்கள். அழித்தவற்றை இன்னொருவரையும் வைத்துச் சரிபாருங்கள். அதன் பிறகே பூச்சியம், கடைசியில் சுருக்கம்.

சாட்சிகளின் பெயர்கள் உள்ள வட்டை யாருக்காவது கைமாற்றுவதானால் இன்னொன்றையும் மறக்காதீர்கள். வெறுமனே அழித்த கோப்பை மற்றவரும் மீட்டெடுக்கலாம்.

எங்கள் கோப்பு இப்போது 70 ஜிபி. அட்டையின் இரண்டு பக்கங்களும் அதில் இருக்கின்றன.