எர்த் கம்பியில் ஏறிய களிம்பு

நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். கடலூர் முதுநகரிலும், சிதம்பரத்தை அடுத்த முடசல்ஓடையிலும் விசைப்படகுகள் பழுதுபார்க்கப்படுவது அந்நாள்களில்தான். டீசல் மெக்கானிக்காகத் தொழில் செய்யும் நம் பங்கு இளைஞர் ஒருவரோடு, கிள்ளை வழியாக முடசல்ஓடைக்கு ஒருமுறை சென்றிருந்தோம்.

படகுக்காரர் மனம் வெறுத்திருந்தார். இயந்திரத்தின் சூட்டையும் எண்ணெய் அழுத்தத்தையும் எண்களாகக் காட்டும் டிஜிட்டல் மீட்டர், ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் அணைந்துவிடுகிறதாம். ஓடும்போதும் விட்டுவிட்டு எரிகிறதாம். மனைவியின் தோட்டை அடகு வைத்துப் புது மீட்டர் வாங்கி மாட்டியும் அதே கதை. “இன்னொன்று வாங்கத்தான் வேண்டுமா, சாமி?” என்று நம்மைக் கேட்டார். நமக்கென்ன தெரியும்!

இளைஞரோ மீட்டரை ஏறிட்டும் பார்க்கவில்லை. “அண்ணே, ஸ்டார்ட் பண்ணுங்க” என்று சொல்லி, மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தார். 12 வோல்ட் பேட்டரி 10.5க்கு இறங்கியது, அது இயல்பே. மீட்டரின் பின்புறம் வைத்துப் பார்த்தபோதோ 7 வோல்ட்தான் வந்தது. ஸ்டார்ட்டரும் முனகிற்று. மின்சாரம் வழியில் எங்கோ தடைபடுகிறது என்பது தெளிவாயிற்று. தொட்டுப் பார்த்தன்றி நம்பேன் என்ற தோமையாரைப் போல, அவர் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு அசைத்துக்கொண்டே சென்றார். பேட்டரியிலிருந்து இயந்திரத்திற்குச் செல்லும் எர்த் கம்பியின் போல்ட்டைக் கழற்றியபோது, உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. உப்புத்தாள் கொண்டு தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவினார். மீட்டர் அணையாமல் நின்றது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மின்னழுத்தம் 14 வோல்ட் அளவில் நிலைத்தது.

பிறகு அவர் காட்டிய ஒன்றுதான் நம்மைத் திடுக்கிடச் செய்தது. சூட்டை அறியும் சென்சாரின் ஒற்றைக் கம்பியைப் பிடுங்கினார். இயந்திரம் சூடாயிருந்தும், மீட்டர் குளிர்ந்திருப்பதாகவே காட்டிற்று! இவ்வகைச் சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். கம்பி அறுந்தால் தடை மிகுந்துவிடுவதால், ஆபத்து நேரத்திலும் மீட்டர் ஆறுதல் சொல்லும். பிடுங்கிய கம்பியை இயந்திர உலோகத்தில் தொடவைத்ததும் எண் உச்சிக்கு ஏறியது. அவ்வாறு ஏறினால் மீட்டரும் கம்பியும் நலம். அதன்பின் ஐயப்பட வேண்டியது சென்சாரையே. (கணினி பொருத்திய புதுவகை இயந்திரங்களில் இச்சோதனை ஆகாதென்று எச்சரித்தார்.)

மாறாக, கடலில் எண் திடீரென உயர்ந்தால், மீட்டர் பொய் சொல்வதாக எண்ணுதல் கூடாது. வேகத்தைக் குறைத்து, படகின் பக்கவாட்டில் குளிர்விக்கும் நீர் கொட்டுகிறதா எனப் பார்க்க வேண்டும். கொட்டவில்லையெனில் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். நீர் உறிஞ்சும் வாயை ஒரு பிளாஸ்டிக் பை அடைத்திருக்கலாம். பம்பின் இரப்பர் இறக்கை கிழிந்திருக்கலாம். கொதிக்கும்போது மூடியைத் திறப்பது முகத்தை வேகவைத்துக்கொள்வதாகும். பார்க்காமல் ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும். வெள்ளாற்று முகத்துவாரத்து அலையில் இயந்திரம் நின்ற படகின் நிலையை, அவ்வூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

புறப்படுமுன், “பழைய மீட்டர் எங்கே அண்ணே?” என்று கேட்டார் இளைஞர். வலைக் குவியலுக்குள்ளிருந்து படகுக்காரரின் மகன் தேடியெடுத்து வந்தான். பேட்டரியில் இணைத்ததும் அதுவும் பளிச்சென எரிந்தது. படகுக்காரர் சிறிது நேரம் பேசவேயில்லை. பின்னர், பெட்டியோடு வைத்திருந்த புது மீட்டரின் இரசீதைத் தேடி வீட்டுக்குப் போனார்.