தறிக்குழிக்கு எதிரே ஒரு கண்ணாடிக் குவளை

பட்டு நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். தறிக்கு எதிர்ச் சுவரில், சாமி படத்துக்குக் கீழே, கண்ணாடிக் குவளையில் லக்கி பாம்பூ. மூன்று தண்டு, சிவப்பு ரிப்பன் கட்டியது. "தண்ணி குறையக் குறைய ஊத்திக்கிட்டே இருக்கேன், நல்லா தழையுது" என்று அண்ணி ஆசையாக எடுத்துக் காட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கூழாங்கல்லுக்கு மேலே ஏழெட்டுக் கொசுப்புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலேறிக்கொண்டிருந்தன.

அண்ணன் பகல் முழுக்கத் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கடிப்பதும் பகலில்தான்; இருட்டு மூலையில் பதுங்கியிருந்து கணுக்காலைத் தேடி வரும். தறிக்குழி அதற்குத் தோதான இடம். சாக்கடையை அது நாடாது. வீட்டிலும் சுற்றிலும் தேங்கிய நல்ல தண்ணீர்தான் வேண்டும். 2001இல் சீனாவிலிருந்து தண்ணீரில் வைத்துக் கப்பலேற்றிய லக்கி பாம்பூவோடு ஏடிஸ் இனத்துப் புலிக்கொசு கலிபோர்னியாவில் போய் இறங்கிய கதையும் உண்டு.

மேலே மேலே ஊற்றுவதில்தான் வினையே இருக்கிறது. கொசு முட்டையிடுவது தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, குவளையின் உட்சுவரில். அங்கே ஒட்டிக்கொண்ட முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரியும். அதிலிருந்து கொசுவாகப் பறக்க, நம் ஊர் வெயிலில் ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை முழுத் தண்ணீரையும் மண்ணில் கொட்டிவிட்டு, குவளையின் உட்புறத்தையும் கற்களையும் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வியாழக்கிழமை விளக்கு துலக்கும்போதே இதையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது.

செடிக்கும் இதுவே மருந்து. பழைய தண்ணீர் வற்ற வற்ற அதிலுள்ள உப்பு கூடி இலை நுனி கருகும். குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்தால் குளோரின் ஓரளவு போய்விடும். ஃபுளோரைடு போகாது, மழைநீர் கிடைத்தால் மிக நல்லது. வேர் மூழ்குமளவு தண்ணீர் போதும். நேர் வெயில் ஆகாது. பீங்கான் ஜாடியில் வைத்தால் பாசி பிடிப்பது குறையும். ஆரஞ்சு நிற வேர் ஆரோக்கியமானது. கறுத்துக் கொழகொழத்ததை வெட்டி எறியுங்கள். தண்டு அடியில் மஞ்சளாகிவிட்டால் அது தேறாது. உடனே பிரித்தெடுத்துவிட்டு, மேலே பச்சையாக இருக்கும் துண்டை மட்டும் வேறு தண்ணீரில் வேர்விட வையுங்கள்.

லக்கி பாம்பூ மூங்கிலே அல்ல, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த டிரசீனா. பூனையோ நாயோ தின்றால் வாந்தி எடுக்கும். வாங்கும்போதும் கவனம் வேண்டும்: சேலைக்கு சில்க் மார்க் கேட்கிற ஊர்க்காரர்கள் செடிக்கும் பில் கேட்கலாம். பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் திருப்பித் தர உங்களுக்கு 30 நாள் உண்டு. கடைக்காரர் மறுத்தால், முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தால் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள், இந்தக் குவளையையும் காட்டுங்கள். வீட்டில் கொசு உற்பத்தியானால் நடவடிக்கை எடுக்க 1939ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டம் இடம் தருகிறது. பக்கத்து வீட்டில் தண்ணீர் தேங்கினால் மாநகராட்சியில் புகார் செய்ய உங்களுக்கும் உரிமை உண்டு.

காய்ச்சல் வந்தால் அரசு மருத்துவமனையில் டெங்கு பரிசோதனை இலவசம். ஆஸ்பிரின், புரூஃபென் மாத்திரைகளைத் தொடவே தொடாதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் விட்டதும் தறியில் உட்காரத் தோன்றும். முகூர்த்தச் சேலை பாதியில் நிற்குமே என்று மனம் அடித்துக்கொள்ளும். டெங்குவில் ஆபத்தான நேரம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், தள்ளாட்டம் என்று எது தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள்.