பால் குடிக்கத் தெரியாத குழந்தைக்குத் தாய்ப்பால்



நமது மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பார்க்க வரும் சபையார், கண்ணாடிக்கு வெளியே நின்று முதலில் கவனிப்பது இயந்திரங்களைத்தான். "இந்தப் பெட்டி என்ன விலை, இந்த மானிட்டர் எங்கே வாங்கியது" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அதே அறையின் ஓரத்தில் ஒரு நாற்காலியில், முந்தானையால் மூடிக்கொண்டு, சிறு எவர்சில்வர் கிண்ணத்தில் பால் பீய்ச்சிக்கொண்டிருக்கும் தாயை அநேகர் கவனிப்பதில்லை. கவனித்தவர்களும், பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த நாற்காலியில் நடப்பது என்ன என்பதையே இம்முறை உங்களுக்கு எழுதுகிறோம்.

37 வாரம் நிறையுமுன் பிறக்கிற குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஏறத்தாழ பத்துக்கு ஒன்று. இவர்களில் ஓரிரு வாரம் மட்டும் முந்திப் பிறந்தவர்கள் பெரும்பாலும் தாயின் மார்பிலேயே சமாளித்துக்கொள்வார்கள். நமக்குக் கவலை தருகிறவர்கள் 28, 30, 32 வாரங்களில் பிறக்கிறவர்கள்.

இவர்களுக்குப் பசி இல்லாமல் இல்லை. பால் குடிக்கத்தான் தெரியாது. நமக்கு எளிதாகத் தோன்றும் இந்தக் காரியத்தில் மூன்று வேலைகள் உண்டு: உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், இடையே மூச்சும் விட வேண்டும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று இடிக்காமல் நடக்கும் ஒழுங்கு பெரும்பாலான குழந்தைகளுக்கு 34 வார அளவில்தான் கைகூடுகிறது. அதற்குமுன் வாயில் பாலை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். அதனால்தான் வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ இரைப்பைக்கு ஒரு மெல்லிய குழாய் வைக்கிறோம். ஊசிக்குழலின் தண்டை எடுத்துவிட்டு, வெறும் குழலைக் குழாயில் பொருத்தி உயர்த்திப் பிடித்தால், பால் தன் போக்கில் மெதுவாக இறங்கும். தள்ளுவது இல்லை.

எவ்வளவு பால் என்று கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 1 அல்லது 2 மில்லிலிட்டர். பிறகு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு நாளைக்கு 150 மில்லிலிட்டருக்கு மேல் தாங்கும் நிலைக்கு வரும்போது சொட்டு மருந்து ஏற்றுவதை நிறுத்துகிறோம். குழந்தையின் கையிலிருந்து ஊசி எடுக்கப்படும் அந்த நாள் அந்தப் பிரிவில் ஒரு சிறிய பண்டிகை.

சீம்பாலின் மூன்று சொட்டு

பிரசவமான முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரக்கும் சீம்பால் மஞ்சளாக, பிசுபிசுப்பாக, மிகக் குறைவாக இருக்கும். அதைக் 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ புகட்டும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. நிறைமாதக் குழந்தைக்கே அது தீங்கு. குறைமாதக் குழந்தைக்கோ உயிரோடு விளையாடுவது.

குறைமாதத்தில் பிரசவித்த தாயின் பால், நிறைமாதத்தில் பிரசவித்த தாயின் பாலைவிடத் தொடக்க வாரங்களில் வேறுபட்டது. அதில் புரதம் அதிகம், நோயை எதிர்க்கும் பொருட்களும் அதிகம். இந்தக் குழந்தையின் குடல் இன்னும் முதிராதது. அதன் சுவர் அழற்சியுற்று அழுகிப்போகும் கொடிய நோய் ஒன்று உண்டு. நன்றாகத் தேறிவந்த குழந்தைக்கு ஒரு மாலையில் வயிறு உப்பும். மறுநாள் அறுவைச் சிகிச்சை மேசையில் இருக்கும், அல்லது இராது. இங்கிலாந்தில் லூக்கஸ், கோல் என்ற இரு ஆய்வாளர்கள் 926 குறைமாதக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 1990இல் வெளியிட்ட முடிவில், புட்டிமாவுப் பால் மட்டுமே பெற்ற குழந்தைகளிடம் இந்நோய், தாய்மார் பால் மட்டுமே பெற்றவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. அதன்பின் வந்த ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின. இந்தப் பாலை நாங்கள் மருந்து என்று சொல்வது அலங்காரத்துக்காக அல்ல.

ஆகவே குழந்தை வெண்டிலேட்டரில் இருந்தாலும், குழாய் வழிப் பாலே இன்னும் தொடங்காவிட்டாலும், முதல் சில மணி நேரத்துக்குள் தாயின் படுக்கைக்குச் சிஸ்டர் போய்விடுகிறார். கையால் பீய்ச்சக் கற்றுக்கொடுக்கிறார். கட்டைவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும், கருவட்டத்தின் விளிம்பில் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு இரு பக்கமும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். தேய்க்கக் கூடாது, காம்பை இழுக்கக் கூடாது. முதல் நாள் ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது. வந்த சொட்டுகளைச் சிறு ஊசிக்குழலில் உறிஞ்சி எடுத்து, குழந்தையின் கன்னத்தின் உட்புறம் தடவுகிறோம்.

"சிஸ்டர், எனக்குப் பாலே வரலை" என்று அந்தப் பெண் அழுவாள். "யாரும்மா சொன்னது? இந்தா பாரு, மூணு சொட்டு. இன்னிக்கு அவனுக்கு இது போதும்" என்பார் சிஸ்டர்.

பால் எங்கே வற்றிப்போகிறது

உண்மையான போராட்டம் முதல் நாளில் இல்லை. அது முதல் இரண்டு வாரங்களில் இருக்கிறது. எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும். உறிஞ்சுவதற்குக் குழந்தை இல்லாத மார்பில், அந்த வேலையைத் தாயின் கையோ பம்போ செய்ய வேண்டும். நாளொன்றுக்கு எட்டுத் தடவையாவது, அதில் ஒரு தடவை கட்டாயம் இரவில். பாலைச் சுரக்கச் செய்யும் இயக்குநீர் இரவில்தான் அதிகம். இரண்டு வாரத்தில் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் எட்டிவிட்ட தாய்க்குப் பின்னால் பெரும்பாலும் கஷ்டம் வராது. அந்த இரண்டு வாரத்தைத் தவறவிட்டால் பிறகு மீட்பது மிகக் கடினம்.

இந்த இரண்டு வாரத்தில் அவளைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பாருங்கள். அறுவைச் சிகிச்சைத் தழும்பு வலிக்கிறது. இரத்தக் கொதிப்பு இன்னும் அடங்கவில்லை. குழந்தை பிழைக்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. "இவளுக்குப் பால் கிடையாது, மெடிக்கலில் டின் வாங்கி வா" என்று மாமியார் மகனிடம் சொல்கிறார். அவரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பேரப்பிள்ளை பட்டினி கிடப்பதாக நினைக்கிறார். சுறாப்புட்டும் பூண்டும் வீட்டிலிருந்து வருகின்றன. நன்றாகச் சாப்பிடட்டும், நாங்கள் தடுப்பதில்லை. பத்தியம் என்று பட்டினி போடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் மூன்று மணி நேரத்துக்கொருமுறை பாலை எடுக்காமல் விட்டால் கடலிலுள்ள சுறா அத்தனையும் சமைத்துப் போட்டாலும் பயன் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய தடை தூரம். தாலுகா மருத்துவமனையில் பிரசவம், குழந்தை 108 ஆம்புலன்சில் நம்மிடம், தாய் அங்கேயே. அல்லது தாயும் இங்கேதான், ஆனால் ஒரு வாரத்தில் அவளை டிஸ்சார்ஜ் செய்துவிட்டால் தங்க இடம் இல்லை, ஊருக்குப் போய்விடுகிறாள். ஐஸ் வைத்த பிளாஸ்கில் பால் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வரும் தகப்பன்மார் உண்டு. அவர்களை நாங்கள் மதிக்கிறோம். ஆனாலும் குழந்தையின் முகத்தைப் பார்க்காமல், அதன் மேனியைத் தொடாமல் பீய்ச்சுகிறவளுக்குப் பால் இறங்குவது கடினம். பாலை வெளியே தள்ளும் இயக்குநீர் அச்சத்திலும் அழுகையிலும் தடைபடும். பிள்ளையின் அருகில் உட்கார்ந்தாலே பெருகும்.

இந்தத் தூரத்தைக் குறைப்பதுபற்றி உலகம் கற்ற பாடம் ஏழை மருத்துவமனைகளிலிருந்து வந்தது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோடா நகரில் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா, இன்குபேட்டர்கள் போதாமல், ஒரே பெட்டியில் பல குழந்தைகளைப் படுக்கவைத்துத் தொற்றுநோயால் இழந்துகொண்டிருந்த நிலையில், குழந்தைகளைத் தாயின் மார்போடு நிமிர்த்திக் கட்டிவைக்கச் செய்தார். அதுவே கங்காரு பராமரிப்பு. குழந்தைக்கு அணையாடையும் குல்லாவும் மட்டும், மற்றபடி தோலோடு தோல். குளிரும் குழந்தை தான் குடித்த பாலை உடம்பு வளர்க்கச் செலவிடாது, சூடு உண்டாக்கவே செலவிடும். தாயின் சூட்டில் இருந்தால் பால் எடையாகிறது, தாய்க்கும் பால் கூடுகிறது. (பெண்கள் ஐக்கிய சங்கச் சகோதரிகள் பின்னி அனுப்பும் குல்லாக்கள் இதற்குத்தான் பயன்படுகின்றன. இந்தத் தலை ஒரு பெரிய சாத்துக்குடி அளவுதான் இருக்கும். தயவுசெய்து இன்னும் சிறிதாகப் பின்னுங்கள், பொத்தானும் ரிப்பனும் வேண்டாம்.)

நெடுங்காலம் கங்காரு பராமரிப்பை, குழந்தையின் நிலைமை சீரான பிறகே தொடங்க வேண்டும் என்று எண்ணியிருந்தோம். கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. அதில் 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள 3,211 குழந்தைகள் இருந்தனர். நம் நாட்டில் அது நடந்தது டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில். பிறந்தவுடனே தாயின் மார்பில் வைக்கப்பட்ட குழந்தைகளில் முதல் 28 நாளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 12. வழக்கமான முறையில் கிட்டத்தட்ட 16. வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அதற்காக அவர்கள் செய்த ஏற்பாடு, தாயின் கட்டிலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுவந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் இதையே பரிந்துரையாக வெளியிட்டது. இயந்திரத்துக்குக் கொடுக்கும் காணிக்கை வீண் என்று சொல்லவில்லை. மூச்சுத் திணறும் குழந்தைக்கு இயந்திரம் வேண்டும். ஆனால் ஒரு கட்டில், ஒரு சாய்வு நாற்காலி, மூன்று வேளை சாப்பாடு, பால் வைக்க ஒரு குளிர்பெட்டி, இரவு 2 மணிக்குத் தாயை எழுப்பி அருகில் உட்காரும் ஒரு சிஸ்டர் ஆகியவை விலைப்பட்டியலில் இடம்பெறுவதில்லை என்பதால் மறக்கப்படுகின்றன.

குழாயிலிருந்து மார்புக்கு

தாயின் மார்பில் கிடக்கும் குழந்தை ஒருநாள் தானாகவே வாயைத் திறந்து தேடும், காம்பை நக்கும். அப்போது, பீய்ச்சி வெறுமையாக்கிய மார்பில் அதைப் பிடித்துப் பழகவிடுகிறோம். பால் அதிகம் வராததால் மூச்சு முட்டாது. பக்கத்திலேயே குழாயில் பால் இறங்கிக்கொண்டிருக்கும். மார்பில் வாய் இருக்கும்போது வயிறு நிறைகிறது என்று குழந்தை படித்துக்கொள்கிறது.

அடுத்தது பாலாடை. நம் பாட்டிமார் சங்கு என்றும் பாலாடை என்றும் வைத்திருந்த அந்த மூக்குள்ள சிறு கிண்ணத்தை, பெயரையும் மாற்றாமல் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் ஆங்கிலப் பாடநூல்களிலும் எழுதுகிறார்கள். புட்டியையும் ரப்பர் காம்பையும் கழுவிச் சுத்தம் செய்வது கடினம், அதில் குடித்துப் பழகிய பிள்ளை மார்பை மறுக்கவும் கூடும். பாலாடையைக் கொதிக்க வைத்தால் போதும். ஆனால் அவசரப்பட்டு ஊற்றக் கூடாது. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரத்தில் சிறிது சிறிதாக விட்டு, விழுங்கியதைப் பார்த்து அடுத்த துளி.

பிறகு மார்பில் இரண்டு மூன்று முறை இழுக்கும், தூங்கிவிடும். மறுபடி இழுக்கும். "சோம்பேறி" என்று வீட்டார் சிரிப்பார்கள். உண்மையில் அது மலை ஏறிக்கொண்டிருக்கிறது. இடப்பக்க மார்பில் கொடுக்கும்போது வலக்கையால் உடலைத் தாங்கி, உள்ளங்கையில் கழுத்தையும் தலையின் கீழ்ப்புறத்தையும் பிடித்துக்கொண்டால் தலை தொங்காது. மார்பில் குடித்தது போக மீதியைப் பாலாடையில் கொடுக்கிறோம். இந்த மாற்றத்துக்குச் சில குழந்தைகளுக்கு ஐந்து நாள், சிலருக்கு மூன்று வாரம். பக்கத்துப் படுக்கையோடு ஒப்பிட வேண்டாம் என்று தாய்மாருக்குத் தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாய்ப்பாலால் எல்லாம் முடியும் என்றும் நாங்கள் சொல்லக் கூடாது. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குச் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் புரதமும் தாய்ப்பாலில் போதாமல் போகலாம். தேவைப்படும்போது அவற்றைப் பொடியாகத் தாயின் பாலிலேயே கலக்கிறோம். வைட்டமின் டி, இரும்புச் சத்துச் சொட்டு மருந்துகளும் உண்டு. தாயால் முடியவே முடியாதபோது பிற தாய்மார் தானமாகத் தரும் பால் அடுத்த சிறந்த வழி. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியால் தொடங்கியது. கொடுப்பவரின் இரத்தத்தைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கித்தான் கொடுக்கிறார்கள். அந்தச் சூட்டில் காப்புப் பொருட்கள் சில அழிகின்றன. சொந்தத் தாயின் பாலுக்கு அது ஈடாகாது. டின் பாலுக்கு முன்னால் வைக்கத் தக்கது.

எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை. குழந்தை போன பிறகும் தாயின் மார்பு அதை அறியாது, நேரத்துக்குப் பால் கட்டிக்கொள்ளும். இதைப்பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். கொஞ்சமாக எடுத்து வலியைத் தணிப்பது, படிப்படியாகக் குறைப்பது, காய்ச்சலும் சிவப்பும் வந்தால் உடனே வருவது ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்காமல் அவளை அனுப்புவதில்லை. தன் பாலை வேறு குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று சில தாய்மார் தாங்களாகவே கேட்பதுண்டு. நாங்கள் முந்திக்கொண்டு கேட்பதில்லை.

வீடு போகும் குழந்தைக்கு விதிகள் அதிகம் இல்லை. அழும்வரை காத்திராமல் இரண்டு மூன்று மணிக்கொருமுறை எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும், ஏனெனில் இந்தக் குழந்தை பசித்தாலும் அழாமல் தூங்கிவிடும். வீட்டிலும் கங்காரு முறை தொடர வேண்டும். தாய் குளிக்கப் போனால் தகப்பனோ பாட்டியோ சட்டையைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். ஒரு வாரத்தில் எடை பார்க்க வர வேண்டும். எடை கூடியிருந்தால் அடுத்த வருகை மறுவாரம். கூடவில்லையென்றால் இரண்டு நாள் தாயும் பிள்ளையும் மறுபடி வார்டில் தங்குவார்கள், சிஸ்டர் அருகில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் பால் கொடுப்பதைக் கவனிப்பார்.