நாளை இல்லாத தொழில்

கல்முனைக் கலியாண வீட்டிலே மணவறை மணக்கிறதென்றால், அதன் பின்னே ஒரு பூ அலங்காரக்காரரின் உறங்கா இரவு இருக்கிறது.

ரோசாவும் கார்னேசனும் நுவரெலியா போன்ற குளிர்ந்த மலைகளில் விளைவன. கல்முனையோ வெப்பக் கடற்கரை. கொய்த பின்னரும் மலர் சுவாசிக்கிறது. வெப்பம் மிகுந்தால் சுவாசம் விரைந்து, சேமித்த சர்க்கரை தீர்ந்து, மலர் வாடிவிடுகிறது. காம்பினுள் காற்றுப் புகுந்தால் நீரும் ஏறாது. ஆதலின் அவர் காம்பை நீருக்குள் வைத்தே சரிவாக நறுக்குகிறார். நீரில் அமிழும் இலைகளைக் களைகிறார். அவ்விலைகள் அழுகினால் கிருமிகள் பெருகிக் காம்பை அடைத்துவிடும்.

அயலூரான மருதமுனையிலே நெய்த துணி இன்று விலைபோகாவிடினும் நாளை விலைபோகும். மலருக்கோ நாளை என்பதில்லை. மணநாள் தள்ளிப்போனால் நட்டம் அவர் தலையிலேயே விழும். ஆகவே, அவருக்கு முற்பணம் கொடுப்பது தயவன்று, நீதியாகும்.