கிஸ்மிஸ் தண்ணீர் கல்லீரலைக் காப்பாற்றுமா?

தேனி மாவட்டத்தில் நம் குச்சனூருக்கு ஒரு பக்கம் ஓடைப்பட்டியின் விதையில்லாத் திராட்சை, இன்னொரு பக்கம் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை. ஆனால் நம் கடைகளில் விற்கும் கிஸ்மிஸ் பெரும்பாலும் மகாராஷ்டிரத்தின் சாங்லி, நாசிக் பக்கமிருந்து வருகிறது. அதோடு ஒரு பேச்சும் பரவியிருக்கிறது: இரவில் ஊறவைத்துக் காலையில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் கல்லீரல் சுத்தமாகும், படிந்த கொழுப்பும் கரையும் என்று.

இதில் துளியளவு உண்மை இருக்கிறது. உலர் பழங்களில் நார்ச்சத்தும் பாலிபீனால்களும் உண்டு. ஐரோப்பியர்களின் மரபணுத் தரவுகளை அலசிய சில ஆய்வுகள், உலர் பழம் உண்பதற்கும் கொழுப்புக் கல்லீரல் குறைவதற்கும் தொடர்பு காட்டுகின்றன. நோயாளிக்குக் கொடுத்துக் குணமானதைக் கண்ட சோதனைகள் அல்ல அவை. இன்னொரு கணக்கையும் பாருங்கள்: சுமார் நாலு கிலோ பழம் காய்ந்துதான் ஒரு கிலோ கிஸ்மிஸ் ஆகிறது. 30 கிராம் கைப்பிடியில் ஏறக்குறைய நாலு தேக்கரண்டி சர்க்கரை. அதில் பாதி ஃபிரக்டோஸ். அது அளவு மீறினால் கல்லீரலே அதைக் கொழுப்பாக மாற்றும். மிட்டாய்க்குப் பதில் ஒரு கைப்பிடி கிஸ்மிஸ் நல்லதுதான். வழக்கமான சாப்பாட்டோடு கூடுதலாகச் சேர்த்தால் பயனில்லை. சர்க்கரை நோயாளி மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

என்னை உண்மையில் கலங்கவைப்பது வேறு. கண் மஞ்சளானவர், வயிறு வீங்கியவர், குடியை விட முடியாதவர் இந்தத் தண்ணீரை நம்பி வாரக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். மஞ்சள் காமாலைக்குக் காரணம் ஹெபடைட்டிஸ் கிருமியா, பித்தப்பைக் கல்லா, சாராயமா என்பது ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும்தான் தெரியும். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கொழுப்புக் கல்லீரலையும் 2021-இல் மத்திய அரசு தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்துவிட்டது.

கல்லீரலுக்கு நல்லதென்று வாங்கும் பழமே கல்லீரலைக் கெடுக்கவும் கூடும். கிஸ்மிஸைப் போன்ற இன்னொரு உலர் பழமான அத்தியைப் பாருங்கள்: சரியாக உலராத, ஈரத்தில் கிடந்த அத்திப்பழத்தில் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான உண்மை. கழுவினாலும் வேகவைத்தாலும் அது முழுதாகப் போகாது. பூஞ்சை வாடையடித்தால் குப்பைக்குத்தான். பொன்னிறக் கிஸ்மிஸில் கந்தக டை ஆக்சைடு ஏற்றுவதுண்டு. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது மூச்சிறைப்பைக் கிளப்பும். சல்ஃபைட் கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். சில்லறையாக அள்ளிப் போடும் சரக்கில் இதையெல்லாம் எங்கே படிப்பது? பாக்கெட் சரக்காக வாங்குங்கள், பில்லும் கேட்டு வாங்குங்கள்.

‘கல்லீரல் நோய் தீரும்’ என்று பொய்யாக விளம்பரம் செய்து பழம் விற்பவருக்கு, 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. புகாரைத் தேனியில் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915. அதே சட்டத்தின் 40-ஆவது பிரிவு இன்னும் பலருக்குத் தெரியாது. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே சோதனைக்குக் கொடுக்கலாம். சரக்கு சட்டத்துக்குப் புறம்பானதென்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் உங்களுக்கே திரும்ப வரும்.