உங்களுக்குத் தெரியுமா? அலங்காரம் கலைக்கும் எண்ணெய்

ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய லிப்ஸ்டிக்காயினும், நீரில் கரையாத மஸ்காராவாயினும், பெரும்பாலும் மெழுகு, எண்ணெய், நிறப்பொடி ஆகியவற்றின் சேர்க்கையே ஆதலால், தண்ணீரை எவ்வளவு வாரி இறைத்தாலும் அசையாத அவ்வலங்காரம், சிறிது எண்ணெய் பட்ட மாத்திரத்தில் இளகிவிடுகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்தியம் புரிந்த கேலன், தேன்மெழுகையும் ஆலிவ் எண்ணெயையும் உருக்கிப் பன்னீர் சேர்த்துக் குழைத்ததாகக் கூறப்படும் களிம்பே இன்றைய கோல்ட் கிரீமின் மூதாதை. மேனாட்டு நாடக நடிகர்கள் வேஷம் கலைக்க நெடுங்காலம் நம்பியிருந்ததும் இந்தக் கோல்ட் கிரீமையே. (கேரளத்துக் கதகளி நடிகர்களுக்கோ தேங்காய் எண்ணெயே போதுமாயிருக்கிறது!) ஆகவே அலங்காரப் பொருளை உயர்ந்த விலைக்கு வாங்கிப் பூசிக்கொள்ளும் சகோதரிகளுக்கு, அதைத் துடைப்பதற்கும் அவ்வாறே செலவிட வேண்டுமென்னும் நிர்ப்பந்தம் சிறிதும் இல்லை; எண்ணெயில் நனைத்த பஞ்சை மூடிய இமைமீது சற்று ஒற்றிவைத்து, அழுத்தித் தேய்க்காமல் துடைத்தெடுங்கள்.