இடுப்பளவும் இதயமும்



போன மாதம் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "விடியறதுக்கு முன்னாடி உப்பளத்துல இறங்குறோம், கூடை சுமக்குறோம். எங்களுக்கு எங்கிருந்து மேடம் கொழுப்பு வரும்? அது உட்கார்ந்து சாப்பிடுறவங்க வியாதி." எல்லாரும் தலையாட்டினாங்க. குழுவில் தையல் வேலை பார்க்கும் தங்கையிடம் இஞ்ச் டேப் வாங்கி, தொப்புளுக்கு நேரே, மூச்சை விட்ட பிறகு அளந்து பார்த்தோம். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், அதாவது முப்பத்தொன்றரை இஞ்சுக்குள் இருக்க வேண்டும். பலருக்குத் தாண்டியது. எனக்கும்தான்!

கை கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் பெருத்திருப்பதுதான் நமக்கு ஆபத்து. வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அதிலிருந்து கொழுப்பு ரத்தத்தில் கலக்கிறது; பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு மூன்றும் ஏறுகிறது. வாய்க்காலில் சேறு படிந்தால் பாத்திக்குத் தண்ணீர் ஏறாது இல்லையா? அதுபோல இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து அடைக்கிறது. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வும், மாரடைப்புக்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாக வயிற்றுப் பருமனைச் சொன்னது. மாதவிலக்கு நின்ற பிறகு நமக்கு இயற்கையாக இருந்த பாதுகாப்பும் குறைந்துவிடுகிறது.

உழைக்கிறோமே என்றால், மழை மாதங்களில் அள வேலை கிடையாது. ஆனால் தட்டில் சோறு மட்டும் குறைவதில்லை. பிள்ளைங்க வைத்த மிச்சத்தையும் வீணாகக் கூடாதுன்னு நாமதான் சாப்பிடுறோம். (இதை எந்த டாக்டரும் கேட்பதில்லை!) அதோடு கருவாடு, ஊறுகாய், அப்பளம். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்பு, ஒரு சின்ன ஸ்பூன் அளவுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேர்க்குதேன்னு உப்பைக் கூட்ட வேண்டாம், தண்ணீரைக் கூட்டுங்க. கருவாட்டை ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழம்பு வையுங்க. சோற்றில் ஒரு கரண்டி குறைத்து கீரையோ சுண்டலோ சேருங்க. 70 கிலோ இருப்பவர் மூன்று, நான்கு கிலோ குறைத்தாலே பிரஷர் இறங்க ஆரம்பிக்கும்.

ஒன்றை மறக்காதீங்க. பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது. மூச்சு வாங்குவது, தாடையிலோ முதுகிலோ வலி, குமட்டல், காரணமில்லாத அசதி, குப்பென்று வியர்ப்பது என்றும் வரும். "வாயுப் பிடிப்பு"ன்னு சோடா குடிச்சிட்டுப் படுத்துடாதீங்க. உடனே 108-க்கு போன் பண்ணுங்க.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பது நம்மைப் போன்ற மகளிர் குழுப் பெண்கள்தான். அவங்க வரும்போது "அப்புறம் பார்க்கலாம்"னு அனுப்பாதீங்க. மாத்திரை கொடுத்திருந்தால், உடம்பு நல்லா இருக்குன்னு நீங்களாகவே நிறுத்தாதீங்க.

அடுத்த கூட்டத்துக்கும் டேப் வரும். சேமிப்பு எழுதும் நோட்டிலேயே கடைசிப் பக்கத்தில் இடுப்பளவையும் எழுதி வைப்போம்.

- கள ஒருங்கிணைப்பாளர்